காண்பன, அறிவன

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டோடு அலைவார்கள். அதுதான் ரெகார்டு நோட்டு. செய்முறைத் தேர்வுக்கு முன்னால் எழுதி முடித்து, பென்சிலால் படம் போட்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஒரு பிள்ளை முடித்துவிட்டால் போதும், அந்த நோட்டு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று சுற்றுக்குப் போய்விடும். சுற்றி வந்து சேர்ந்தால், குவிலென்ஸின் குவியத் தொலைவு எல்லா நோட்டிலும் ஒரே எண்ணாக இருக்கும். லென்ஸ் வேறு, அளந்த கை வேறு. எண் மட்டும் ஒன்று. தசமப் புள்ளிகூட மாறாது.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கப் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. எழுத்தர் வேலையில் முதல் பாடமே இதுதான்: பார்வையிட்டேன் என்று எழுதினால் பார்வையிட்டிருக்க வேண்டும், அளந்தேன் என்று எழுதினால் அளந்திருக்க வேண்டும். இடத்துக்கே போகாமல் எழுதின அறிக்கைக்கு அலுவலகத்தில் என்ன பெயர் என்று ஓய்வுபெற்ற நண்பர்களுக்குத் தெரியும். பதினைந்து வயதில், அதுவும் அறிவியல் பாடத்தில், அந்தப் பழக்கத்தை நாமே கற்றுக்கொடுக்கிறோம். அதற்கு மதிப்பெண்ணும் கொடுக்கிறோம்.

அந்த நோட்டில் எனக்குப் பிடித்த இரண்டு சொற்கள் உண்டு. வேதியியல் சோதனைக்கு மூன்று கட்டம் போடுவார்கள். முதலாவது சோதனை, இரண்டாவது காண்பன, மூன்றாவது அறிவன. கண்ணால் கண்டது ஒரு கட்டத்தில், அதிலிருந்து புத்தியால் அறிந்தது இன்னொரு கட்டத்தில். எவ்வளவு அழகான பிரிவு! ஊருக்குள் நடக்கிற பாதிச் சண்டை இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தானே வருகிறது? 'அவன் அந்த வீட்டிலிருந்து வந்தான்' என்பது காண்பன. 'அவன்தான் எடுத்திருப்பான்' என்பது அறிவன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோட்டைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டால், அதுவே பாதி அறிவியல் கல்வி என்பேன். ஆனால் இரண்டு கட்டத்தையும் பக்கத்து வீட்டு நோட்டைப் பார்த்து நிரப்பினால் அந்தக் கோடு வெறும் பேனாக் கோடுதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். உடனே, 'வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிரமாதமாக இருந்திருக்கும்' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்களுக்கு 'லெஸோன் த ஷோஸ்' என்று ஒரு வகுப்பு உண்டு. 'பொருட்பாடம்' என்று சொல்லலாம். ஒரு இலை, ஒரு உப்புக்கல், ஒரு துண்டு நிலக்கரி இப்படி ஏதாவது ஒன்றை மேஜையில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் பொருளைப் பற்றிய வாக்கியங்களைக் கோரஸாக ஒப்பிப்போம். நெட்டுரு என்பது தமிழனுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல.

பிரான்ஸ் தேசத்துக்காரர்களே பின்னால் இதை உணர்ந்தார்கள். 1992-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஷர்பாக், 1996-ல் அங்குள்ள அறிவியல் அகாதெமியின் துணையோடு ஆரம்பப் பள்ளிகளுக்கென்று ஒரு இயக்கத்தைத் தொடங்கினார். பெயர் 'லா மேன் அ லா பாத்'. நேர் அர்த்தம் 'மாவில் கை வைப்பது'. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காமல் நீயும் இறங்கிப் பிசை என்று பொருள். நோபல் பரிசு வாங்கின மனிதர் எழுபது வயதுக்கு மேல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டப் போனார் என்பது எனக்கு எப்போதும் மரியாதை கலந்த ஆச்சரியம்.

அந்த ஏற்பாட்டில் முக்கியமானது ஒரு நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோதனை நோட்டு. என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், என்ன செய்தேன், என்ன பார்த்தேன், அதிலிருந்து என்ன தோன்றுகிறது, எல்லாவற்றையும் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருக்கலாம், படம் கோணலாக இருக்கலாம். வகுப்பு முழுவதும் பேசி ஒப்புக்கொண்ட முடிவைத் தனியாக, திருத்தமாக எழுதிக்கொள்வார்கள். நம் ரெகார்டு நோட்டில் அந்தத் திருத்தமான பகுதி மட்டும் இருக்கிறது. பிள்ளையைக் காணோம்.

நம் ஊரில் யாரும் முயற்சி செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறது. பிள்ளைகளுக்காக அவர்கள் நடத்துகிற 'துளிர்' பத்திரிகையை நம்மில் பலர் வீட்டில் வாங்கியிருப்போம். 2022 நவம்பரில் தமிழக அரசு 'வானவில் மன்றம்' என்ற திட்டத்தைத் திருச்சியில் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில், கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு நேரில் வந்து செய்துகாட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆய்வுக்கூடத்தையே பார்க்காத கிராமத்துப் பிள்ளைக்கு அது தேடி வருவது லேசுப்பட்டதா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பலூன் தானாக ஊதிக்கொண்டால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், பீய்ச்சி அடித்தால் கூச்சல் போடுவார்கள். வகுப்பு கலகலப்பாகிவிட்டது, பிள்ளைகள் ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் திருப்தி. திருவிழாவில் செப்படிவித்தைக்காரனைப் பார்த்தும் இதே பிள்ளைகள் இதே மாதிரிதான் கைதட்டுகிறார்கள். கைதட்டல் வேறு, யோசனை வேறு. செய்துகாட்டுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால், 'என்ன நடக்கும்னு நினைக்கிறே? எழுது' என்று கேட்டுவிட்டால் வித்தை பாடமாகிவிடும். ஏனென்றால் எழுதிக் கொடுத்தவனுக்கு அதில் பந்தயம் இருக்கிறது. அவன் சொன்னது நடக்கவில்லை என்றால், ஏன் நடக்கவில்லை என்று அவனேதான் கேட்பான்.

இதற்கு உதாரணம் தேடி நான் வெளியூர் போக வேண்டியதில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டி இருக்கிறதே.

சாயங்காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்க வரும் ஒரு பெண், பத்தாம் வகுப்பு. அவளுடைய ஆச்சி சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கி, வீட்டில் பெட்டி ஒட்டி, அந்தக் கூலியில் குடும்பத்தைக் கரையேற்றியவர். பேத்தி நோட்ஸில், 'பாஸ்பரஸ் தீப்பெட்டி தயாரிக்கப் பயன்படுகிறது' என்ற வரியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 'ஏம்மா, அந்த பாஸ்பரஸ் குச்சியில இருக்கா, பெட்டியில இருக்கா?' என்று கேட்டேன்.

'குச்சியிலதான் தாத்தா. குச்சிதான எரியுது.'

'எப்படிக் கண்டுபிடிக்கலாம்? புத்தகத்தைப் பார்க்காமச் சொல்லு.'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'குச்சியிலயே எல்லாம் இருந்தா செவத்துல உரசினாலும் பத்தணும்ல?' என்றாள். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, என் கண் முன்னால் உரசச் சொன்னேன். சுவரில் பற்றவில்லை. பெட்டியில் உரசினால் பற்றியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. 'ஒருவேளை பெட்டி சொரசொரன்னு இருக்கதால பத்துதோ என்னமோ' என்று சொல்லி, சுவரை விடச் சொரசொரப்பான உப்புத்தாள் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் உரசிப் பார்த்தாள். பற்றவில்லை. 'அப்போ சொரசொரப்பு மட்டும் பத்தாது. பெட்டியில வேற ஏதோ இருக்கு.'

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. 'சொரசொரப்பு காரணமாக இருக்கலாமே' என்று தன் முடிவின் மேலேயே சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தையும் சோதித்துத் தள்ளினாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் அறிவியல் இருக்கிறது. எந்த ரெகார்டு நோட்டிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

ஆச்சியிடம் போய்க் கேட்டாளாம். 'குச்சி மருந்து வேற, பெட்டி மருந்து வேறடி. இது தெரியாமலா பத்தாப்புப் படிக்கே?' என்று சிரித்தாராம். ஆச்சி சொன்னதுதான் சரி. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். இரண்டும் ஒன்றோடு ஒன்று உரசினால்தான் தீ. இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க முடிகிறது. பெட்டியில் இருக்கும் அந்தப் பொருளின் பெயர் பாஸ்பரஸ் என்பதை உரசிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கும் அதற்குரிய இடம் உண்டு. கேள்வி பிறந்த பிறகு அதைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் ருசிக்கும்.

ழான் பியாஜேயை ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் அறிவார்கள். அவரும் பெர்பெல் இன்ஹெல்டரும் சேர்ந்து 1955-ல் பிரெஞ்சில் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனை. பிள்ளைகளிடம் கயிறும் பல எடைக் குண்டுகளும் கொடுத்து, ஊசல் வேகமாக ஆடுவதும் மெதுவாக ஆடுவதும் எதனால் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் கயிறு நீளத்தையும் குண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, 'குண்டுதான் காரணம்' என்றார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான், ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்ற யுக்தி பிடிபட்டது. அப்படிச் செய்தால் கயிறு நீளம்தான் காரணம், குண்டின் எடை அல்ல என்று தெரிந்துவிடும். கயிறும் நாலைந்து நட்டும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

நம் கரிசல் காட்டுக்காரருக்கு இது புதிதல்ல. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இருக்கிறது. பருத்தியும் சோளமும் அங்கே பாத்தி பாத்தியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் ஒரே ஒரு வித்தியாசம் வைத்து, எது நன்றாக வருகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அதையே ஏழாம் வகுப்பில் இரண்டு பால் டின்னை வைத்துச் செய்துவிடலாம். ஒன்றில் காய்ந்த கரிசல், ஒன்றில் செவல். அடியில் ஆணியால் ஒரே மாதிரி ஓட்டை, ஒரே அளவு மண், ஒரே டம்ளர் தண்ணீர். எதில் சீக்கிரம் தண்ணீர் இறங்கும்? ஊற்றும் முன் ஒவ்வொரு பிள்ளையும் எழுத வேண்டும்.

'கரிசல் ஈரம் பிடிக்கும், அதனால் இறங்காது' என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். முதல் டம்ளரில் ஏமாந்துபோவார்கள். காய்ந்த கட்டிகளுக்கு நடுவில் தண்ணீர் ஓடிவிடும். கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலத்தில் முதல் மழை அப்படித்தான் உள்ளே போகிறது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது டம்ளரை ஊற்றினால் கதை மாறும். மண் உப்பி, ஓட்டையெல்லாம் அடைபட்டு, தண்ணீர் மேலேயே நிற்கும். இப்போது ஒரு கேள்வி போடலாம்: நம் தாத்தாமார் ஏன் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்தார்கள்? மழை விழுந்து மண் உப்பிப் பிசுபிசுத்துவிட்டால் ஏர் இறங்காது, கால் வைக்க முடியாது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். கரிசலில் உள்ள களிமண் தன் அடுக்குகளுக்கு இடையே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிற ஜாதி என்பதை ஆசிரியர் அதன் பிறகு சொன்னால் போதும்.

கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவரும் தன் சோதனையைப் புத்தகம் பார்த்துச் செய்வதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டிப் பார்க்கிறார். சத்தம் கேட்டால் இறக்குகிறார், கேட்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் எரிக்கிறார். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய்க்குப் பின்னால் காண்பனவும் அறிவனவும்தான் இருக்கின்றன. இத்தனையும் சுற்றி இருக்க, நம் பிள்ளை நோட்ஸை மூடிக்கொண்டு கண்ணை உருட்டி ஒப்பிக்கிறான்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பிசா என்று உலக நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு உண்டு. மனப்பாடத்தை அது கேட்காது. ஒரு செய்தியைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும். இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதில் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. வளர்ந்த நாடுகளின் அறிவியல் சராசரி 501, தமிழ்நாடு 348. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களின் பட்டியலில் நாம் கடைசி வரிசையில் இருந்தோம். கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. காய்ச்சல் அதிகம் காட்டியது என்பதற்காகத் தெர்மாமீட்டரைப் பரணில் போட்ட கதை இது.

அதற்குப் பிறகு பாடப் புத்தகங்கள் மாறியது உண்மை. 2018-லிருந்து வந்த புத்தகங்களில் செயல்பாடுகள் இருக்கின்றன, உயர் சிந்தனை வினாக்கள் இருக்கின்றன, கூற்றும் காரணமும் இருக்கின்றன. புரட்டிப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் கூற்று–காரணக் கேள்விக்கு விடை 'அ' என்று கைடில் இருக்கிறது. பிள்ளை காரணத்தை யோசிப்பதில்லை, 'அ'வை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. தேர்வு எந்தப் பக்கம் சாய்கிறதோ வகுப்பும் அந்தப் பக்கம் சாயும். புத்தகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார்கள். 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. சோதனை செய்துதான் பாடம். விடை புத்தகத்தில் இருக்காது, பிள்ளை தன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைக்கும் பரீட்சை உண்டு. புத்தகத்தைத் திறந்து வைத்தால், நெட்டுருவுக்கு வேலை ஏது? நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களை வைத்தே நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஆசிரியர் நண்பர்கள் என்மேல் கோபப்படுவார்கள் என்று தெரியும். பாடத்தை முடிக்க வேண்டும், இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும், வகுப்பில் நாற்பது பிள்ளைகள், இதில் ஒவ்வொரு பிள்ளையிடமும் 'நீ என்ன நினைக்கிறே' என்று எங்கே கேட்பது? நியாயமான கேள்வி. படிவம் நிரப்பியே காலம் கழித்தவன் நான், படிவத்தின் பாரம் எனக்குத் தெரியும். அதைவிடக் கனமான இன்னொரு பதிலும் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பெண்ணுக்கு மதிப்பெண்தான் ஏணி. யோசி, யோசி என்று சொல்லி அவள் ஏணியைப் பிடுங்கிவிடாதே என்பார்கள். ஏணியில் கை வைக்க எனக்கும் மனசு வராது. ஆனால் ஏறின பிறகு என்ன ஆகிறது? பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் கேள்வி வேறு மாதிரி வருகிறது. வேலைக்கான தேர்விலும் வேறு மாதிரி வருகிறது. நகரத்துப் பிள்ளைக்கு அதற்குத் தனிப் பயிற்சி கிடைக்கும். நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

அதனால் பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25 என்று ஏற்கெனவே இருக்கிறது. அந்த 25-ல் ஐந்தை எடுத்து வையுங்கள். முன்கூட்டித் தெரியாத ஒரு சின்ன வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஊசலாகட்டும், இரண்டு டின் மண்ணாகட்டும். முதலில் என்ன நடக்கும் என்று எழுதட்டும், பிறகு செய்யட்டும், கண்டதை எழுதட்டும், அதிலிருந்து தோன்றியதை எழுதட்டும். புத்தகத்தில் உள்ள விடை வந்ததா என்று பார்க்காதீர்கள். காண்பனவுக்கும் அறிவனவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்டது புத்தகத்துக்கு மாறாக இருந்தாலும், கண்டதைக் கண்டபடி எழுதின பிள்ளைக்கு முழு மதிப்பெண். ஆறு முதல் எட்டு வரை ரெகார்டு நோட்டே வேண்டாம், சிவப்பு மை படாத ஒரு சாதாரண நோட்டு போதும்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-லேயே அரசியல் சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. கடமை எழுத்தில் இருக்கிறது. அதைச் செய்ய ஒரு ஐந்து மதிப்பெண்ணாவது ஒதுக்க வேண்டாமா?

அரசாங்கம் கேட்கும்போது கேட்கட்டும். என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம்மிடம் நேரம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது. பேரனோ பேத்தியோ நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 'இதை நீ பார்த்தியா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். இல்லை என்று சொன்னால் திட்ட வேண்டாம். 'சரி வா, ரெண்டு பேரும் பார்ப்போம்' என்று எழுந்திருங்கள். முட்டி வலித்தாலும் பரவாயில்லை.